விடு என்றாள் அக்கா

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் அக்காவின் வலது கை மோதிர விரலிலிருந்து வந்தது. பதினெட்டு நாட்களுக்கு முன்பு அந்த விரல் இரண்டு இடத்தில் உடைந்தது. அப்போது அவள் தன்னுடைய பழைய காருக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தாள். நான் மேலே, பானெட்டுக்குள் தலையையும் ஒரு கையையும் நுழைத்துக்கொண்டு நின்றிருந்தேன். எங்கள் இருவருக்கும் நடுவில் எட்டு கிலோ எடையுள்ள ஸ்டார்ட்டர் மோட்டார் ஒன்று இருந்தது. அதன் பின்பக்கத்தை நான் பிடித்திருந்தேன். பிறகு பிடித்திருக்கவில்லை.

விரலில் கட்டுப் போட்டுக்கொண்டு வந்த அன்று மாலையே அக்கா ஒரு நோட்டுப் புத்தகத்தை என் முன்னால் வைத்தாள்.

"எழுதுறதுக்குத்தானே வேலைய விட்ட? எழுதிக் குடு."

"என்னத்த?"

"என்ன நடந்துச்சுன்னு. கை தவறிச்சா, இல்ல நீயா விட்டியா. அது தெரியாம இனிமே உன் கையில எதையும் பிடிக்கச் சொல்ல மாட்டேன்."

"அக்கா, நான் வேணும்னே..."

"வாயால சொல்லாத. வாயால நீ நல்லாவே சொல்லுவ. எழுது. மோட்டார திருப்பி மாட்டுறதுக்குள்ள நான் அதப் படிக்கணும்."

ஆகவே இது ஒரு வாக்குமூலம். வாக்குமூலத்தைக் கதையாக எழுதுகிறவனை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பது உங்கள் பாடு. எனக்கு வேறு வடிவம் வரவில்லை. வேறு வேலையும் இல்லை.

2

முதல் தொடக்கம்:

"அந்த ஆண்டின் முதல் மூடுபனி நகரத்தின் மீது இறங்கிய காலையில், தனிமையில் வாழும் ஒரு பெண் தன் காரின் சாவியைத் திருப்பினாள். காலம் ஒரு கணம்"

இது எங்கிருந்து வருகிறது என்று எனக்கே தெரியும். நான் படிப்பதெல்லாம் மொழிபெயர்ப்பில் வந்த வேற்று நாட்டு நாவல்கள். அவற்றில் மூடுபனிக்குக் குறைவே இல்லை. கார்களும் நிறைய வரும். ஆனால் அங்கே ஒரு கார் கிளம்பாவிட்டால் நாயகன் கோட்டுக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு நடந்தே போய்விடுவான். பாலத்தின் மேல் நின்று ஆற்றைப் பார்ப்பான். ஒருவனும் அடியில் படுத்து போல்ட் கழற்றியதாக நான் படித்ததில்லை. இந்த விஷயத்தில் உலக இலக்கியம் என்னை நட்டாற்றில் விட்டுவிட்டது.

அக்கா அந்த ஒன்றரை வரியைப் படித்தாள்.

"அன்னைக்கு வெயில். அப்புறம், தனிமையில வாழும் பெண்ணா? மூணு மாசமா என் வீட்ல மூணு வேளையும் சாப்பிடுறது யாரு, ஆவியா?"

இரண்டாம் தொடக்கம்:

"ஸ்டார்ட்டர் மோட்டார் ஒரு கதையின் முதல் வரியைப் போன்றது. இரண்டே நொடி எஞ்சினைச் சுழற்றிவிட்டு, அது தானாக ஓடத் தொடங்கியதும் விலகிக்கொள்ள வேண்டும். விலகாமல் கூடவே ஓட நினைத்தால்"

இது மோசமில்லை என்று நினைத்தேன். இன்னும்கூட நினைக்கிறேன். அக்கா பென்சிலால் குறுக்கே ஒரு கோடு போட்டாள்.

"மோட்டார் மோட்டார் மாதிரிதான் இருக்கும். என் விரல் எங்க வருது?"

மூன்றாம் தொடக்கம்: "சாவியைத் திருப்பினால் விர்ர் என்று சத்தம் வந்தது. எஞ்சின் அசையவில்லை."

"இது பரவால்ல" என்றாள். எனக்கு அழுகை வந்தது. மூன்று மாதம் உட்கார்ந்து எழுதியதில் ஒருவர் பரவாயில்லை என்று சொன்ன முதல் வாக்கியம், பழுதான ஒரு வண்டியைப் பற்றியது.

3

சாவியைத் திருப்பினால் விர்ர் என்று சத்தம் வந்தது. எஞ்சின் அசையவில்லை.

அந்தக் கார் எங்கள் இருவரையும்விட வயதில் மூத்தது. அக்கா அதை ஒரு பல் மருத்துவரிடமிருந்து வாங்கினாள்; அவர் அதற்குள் பழைய செய்தித்தாள்களை அடுக்கி வைத்திருந்தார். நாலு வருடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக அதை ஓட வைத்தாள். கேட்கும் கருவிகள் அடங்கிய பெட்டியைப் பின்சீட்டில் வைத்துக்கொண்டு வாரத்துக்கு மூன்று ஊர் போய்வருவாள்.*

கோளாறு என்ன என்று அவளுக்கு சத்தத்திலேயே தெரிந்துவிட்டது. சாவியைத் திருப்பியதும் மோட்டார் சுழலும். அதன் தண்டில் இருக்கும் சின்னப் பல்சக்கரம் முன்னால் பாய்ந்து எஞ்சினின் பெரிய சக்கரத்தைக் கடிக்க வேண்டும். தண்டில் அழுக்கு ஏறிவிட்டால் சின்னச் சக்கரம் இருந்த இடத்திலேயே நின்றுவிடும். மோட்டார் மட்டும் தன்பாட்டுக்குச் சுற்றும். கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, காயவைத்து, திரும்ப மாட்டினால் போதும். எண்ணெய் போடக் கூடாது. போட்டால் மறுபடியும் தூசி ஒட்டும்.

மெக்கானிக்கைக் கூப்பிட்டோம். அவருக்கு எங்கள் வீட்டில் அரைமணி என்று பெயர். எதைக் கேட்டாலும் அரை மணி நேர வேலை என்பார். எஞ்சினையே இறக்கி ஏற்றுவதுகூட அவருக்கு அரை மணி நேரம்தான்.

"ரெண்டே ரெண்டு போல்ட்டு தம்பி. கழட்டுனா மோட்டாரு கையில வந்துடும். அரை மணி நேர வேலை."

"எப்ப வர்றீங்க?"

"நாளைக்கு காலைல."

பத்து நாள் நாளைக்குக் காலையாகவே இருந்தது. பதினோராம் நாள் அக்கா பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு, காரின் முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள். முதலில் பேட்டரி வயரைக் கழற்றினோம். (இதை எழுதாமல் விட்டால் அக்கா சும்மா இருக்க மாட்டாள். யாராவது இதைப் படித்துவிட்டு வயரைக் கழற்றாமல் கை வைத்துவிடுவார்களாம். என் வாசகர்களைப் பற்றி அவளுக்கு இருக்கும் நம்பிக்கை எனக்கு இல்லை. வாசகர்கள் இருக்கிறார்கள் என்ற நம்பிக்கையைத்தான் சொல்கிறேன்.)

கீழ் போல்ட் நாலு நிமிடத்தில் வந்துவிட்டது. மேல் போல்ட்டைப் பற்றி நான் ஒரு தனி நாவல் எழுதுவேன். அது எஞ்சினுக்குப் பின்னால், புகைக் குழாய்க்கும் எஞ்சின் அறையின் தகரச் சுவருக்கும் இடையில், யாருக்கும் எந்தத் தீங்கும் செய்யாத ஒரு பாவனையில் உட்கார்ந்திருந்தது. கண்ணால் பார்க்கும்படி தலையை வைத்தால் கை போகாது. கை போகும்படி வளைந்தால் கண்ணுக்குத் தெரியாது. ஸ்பேனரை அதன் தலையில் பொருத்துவதற்குப் பத்து நிமிடம். பொருத்திய பின் திருப்ப இருந்த இடம் கடிகார முள் ஐந்து நிமிடம் நகர்வதற்கான இடம். அவ்வளவு திருப்பி, எடுத்து, மறுபடி தேடிப் பொருத்த வேண்டும்.

"இடது பக்கமா திருப்புடா."

"எந்த இடது? உன் இடதா, என் இடதா?"

"போல்ட்டோட இடது."

"போல்ட்டுக்கு ஏதுக்கா இடதும் வலதும்?"

"நான் படுத்திருக்கேன்ல, என் வலது."

"நீ எந்தப் பக்கம் தல வச்சுப் படுத்திருக்க?"

ஸ்பேனர் இரண்டு தடவை விழுந்தது. ஒரு தடவை தரையில். இன்னொரு தடவை அக்காவின் நெற்றியில். அப்போது அவள் சொன்னதை எழுத வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறாள். இரண்டு மணி நாற்பது நிமிடம் ஆயிற்று.

* அக்காவின் வேலை, காது மந்தமானவர்களுக்குக் கருவி பொருத்துவது. முதலில் சோதனை செய்வாள். ஒரு பட்டியலிலிருந்து சொற்களை ஒவ்வொன்றாக, உதடு தெரியாமல், சொல்லுவாள். எதிரில் இருப்பவர் காதில் விழுந்ததைத் திருப்பிச் சொல்ல வேண்டும். பிறகு காதின் அளவுக்கு அச்சு எடுத்து, கருவிக்குள் மிகச் சிறிய வயரையும் வடிகட்டியையும் செருகுவாள். அந்த வேலைக்கு மோதிர விரல்தான் முட்டுக் கொடுக்கும் என்று எனக்கு இப்போதுதான் தெரியும்.

4

ஒரு பாத்திரத்தைப் பற்றி உங்களிடம் சொல்ல வேண்டும். அவன் இப்போது கதையில் இல்லை.

முதல் பிரதியில் மோட்டாரின் பின்பக்கத்தைப் பிடித்திருந்தவன் நான் அல்ல. "ஒரு நண்பன்." நல்ல உயரம். மெலிந்த விரல்கள். குறைவாகத்தான் பேசுவான், எப்போதும் தூரத்தில் எதையோ பார்த்துக்கொண்டிருப்பான். கதைசொல்லியான நான் பக்கத்தில் நின்று டார்ச் அடித்துக்கொண்டிருந்தேன்.

"இவன் யாரு?" என்றாள் அக்கா.

"ஒரு பாத்திரம்."

"அது தெரியுது. அன்னைக்கு நம்ம வீட்ல இவனுக்கு என்ன வேலை?"

"கதையில கொஞ்சம் தூரம் வேணும்க்கா. நேரடியா நான்னு எழுதினா..."

"எழுதினா?"

"கலை வராது."

அக்கா கட்டுப் போட்ட விரலை உயர்த்திக் காட்டினாள். கட்டுப் போட்டதால் அது ஒன்று மட்டும் தனியே நீட்டிக்கொண்டு நின்றது. பார்க்க மரியாதையாக இல்லை. அவள் அதை உணர்ந்தே காட்டினாள் என்று நினைக்கிறேன்.

நண்பனை நீக்கிவிட்டேன். உண்மையில் எனக்கு அவனைப் பிடித்திருந்தது. அவன் விரல்கள் மெலிந்தவை என்பதால் எல்லாமே இயல்பாக நழுவும். யாரும் அவனை எதுவும் கேட்கப்போவதில்லை. கேட்டாலும் தூரத்தில் பார்த்துக்கொண்டிருப்பான். எழுதுவதில் இருக்கும் ஒரே வசதி இதுதான், அதையும் அக்கா பிடுங்கிவிட்டாள்.

5

மேல் போல்ட் வெளியே வந்தது. இனி மோட்டாரைத் தாங்கியிருந்தது எங்கள் கைகள் மட்டும்.

இந்த இடத்தை மெதுவாகச் சொல்கிறேன். மோட்டார் ஒரு பெரிய ஹார்லிக்ஸ் பாட்டில் அளவில், முழு இரும்பில் இருக்கும். அதன் மூக்கு எஞ்சினுக்குப் பின்னால் இருக்கும் கூண்டுக்குள் போயிருக்கும். மூக்கை வெளியே உருவினால்தான் கீழே இறக்க முடியும். அக்கா கீழிருந்து இரண்டு கையாலும் மூக்குப் பக்கத்தைப் பிடித்து உருவ வேண்டும். அதுவரை பின்பக்கம் தொங்கிவிடாமல் நான் மேலிருந்து பிடித்திருக்க வேண்டும். அவளுடைய வலது கை மோட்டாருக்கும் அதற்குக் கீழே ஓடும் குறுக்குச் சட்டத்துக்கும் நடுவில் இருந்தது. எனக்கு அது தெரியும். மேலிருந்து பார்த்தால் கட்டை விரலும் நகமும் தெரிந்தன.

அக்கா தொடங்குவதற்கு முன்பே சொன்னாள்: "நான் விடுன்னு சொல்ற வரைக்கும் விடாத."

"சரி."

இந்த ஏற்பாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு ஆதரவான ஒரே சாட்சி இதுதான்.

மூக்கு வரவில்லை. அவள் ஆட்டினாள். நானும் ஆட்டினேன். என் முழங்கை குழாயில் உரசிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில்தான், வேறு நேரமே கிடைக்காததுபோல, அம்மாவைப் பற்றிய பேச்சு வந்தது.

நான் வேலையை விட்டு மூன்று மாதம் ஆகிறது. இன்னும் அம்மாவிடம் சொல்லவில்லை. அம்மா வேறு ஊரில் இருக்கிறாள். தினமும் சாயங்காலம் அக்காவுக்குத்தான் போன் செய்வாள். "தம்பி ஆபீஸ்லேர்ந்து வந்துட்டானா?" என்று கேட்பாள். அக்கா, "இப்பதான் வந்தான், குளிக்கிறான்" என்பாள். மூன்று மாதமாக நான் ஒவ்வொரு சாயங்காலமும் குளித்துக்கொண்டிருக்கிறேன்.

"நேத்து அம்மா கேட்டாங்க, உனக்குச் சம்பளம் ஏறிடுச்சான்னு" என்றாள் அக்கா, காருக்கு அடியிலிருந்து.

"நீ என்ன சொன்ன?"

"ஏறப்போகுதுன்னு சொன்னேன். எத்தனை நாள்டா நான் தாங்குறது?"

"ரெண்டு நிமிஷம்க்கா. கொஞ்சம் வலது பக்கம் ஆட்டினா வந்துடும்."

"மோட்டார சொல்லலடா மண்டு."

(இதுவரை சிரிப்புத்தான். எழுதும்போது நானும் சிரித்தேன். இதோடு நிறுத்திவிடலாமா என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். இங்கே நிறுத்தினால் இது ஒரு நல்ல நகைச்சுவைக் கதை. விரலும் நன்றாக இருக்கும்.)

"சொல்றேன்னு சொல்றேன்ல" என்றேன். "இத முடிச்சுட்டு சொல்றேன்."

"எத? மோட்டாரையா, நாவலையா?"

"நாவல்னு கிண்டல் பண்ணாத."

"பண்ணல. எனக்குப் பொய் சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது."

"உன்ன யாரு சொல்லச் சொன்னா? என்ன வீட்ல வச்சுக்க கஷ்டமா இருந்தா நேராவே சொல்லிடு. இப்படி அடியில படுத்துக்கிட்டு, என்னால நகர முடியாத நேரம் பார்த்து..."

நான் கத்திக்கொண்டிருந்தேன்.  அக்கா சொன்னாள்:

"விடு."

விட்டேன்.

6

தமிழில் இந்தச் சொல்லைப்போல ஓர் அயோக்கியச் சொல் வேறில்லை. பிடித்திருப்பதை விடு. பேச்சை விடு. கோபத்தை விடு. கவலையை விடு. வேலையை விடு. மூச்சை விடு. வழி விடு. கண்ணீர் விடு. ஒருவர் அழுதால், தோளில் கை வைத்து, விடு விடு என்கிறோம். தோளில் கையை வைத்தவர் விடவே மாட்டார். அக்கா கீழே கையை எடுத்துக்கொண்டு, இனி நீ விடலாம் என்று சொன்னாளா? அல்லது, சரிடா, இந்தப் பேச்சு இத்தோடு போதும் என்று சொன்னாளா? இரண்டுக்கும் ஒரே சொல். இரண்டு எழுத்து.

நான் அடிக்கடி நினைக்கும் ஒன்று உண்டு. நான் படிக்கும் நாவல்களில் வரும் மனிதர்கள் ஏன் இவ்வளவு தெளிவாகப் பேசிக்கொள்கிறார்கள்? இப்போது புரிகிறது. அவர்களும் குழப்பமாகத்தான் பேசியிருப்பார்கள். நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர் உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். வேறு வழியில்லை அவருக்கு. இந்தக் கதையை யாராவது வேறு மொழியில் பெயர்த்தால், ஐந்தாம் பகுதியின் கடைசியில் அவர் முடிவு செய்தாக வேண்டும்: அக்கா கையை விடச் சொன்னாளா, பேச்சை விடச் சொன்னாளா. அந்த இடத்தில் என் வழக்குக்குத் தீர்ப்பு எழுதப்பட்டுவிடும். முகம் தெரியாத ஒருவர், எங்கோ ஒரு மேசையில், தேநீர் குடித்துக்கொண்டே என்னைக் குற்றவாளியாக்குவார். அல்லது விடுதலை செய்வார். (விடுதலை. அதிலும் வந்து உட்கார்ந்திருக்கிறது பாருங்கள்.)

எனவே நான் அக்காவிடம் இரண்டு வடிவங்களை எழுதிக் கொடுத்தேன்.

(அ) கை கீழ்ப்படிந்தது. விடுன்னு சொல்ற வரைக்கும் விடாத என்று அவளே சொன்னாள். அவளே விடு என்றாள். விட்டேன். மூளை வாக்குவாதத்தில் இருந்தது, கை வேலையில் இருந்தது. கை தன் வேலையை ஒழுங்காகச் செய்தது.

(ஆ) கை வழுக்கியது. மூன்று மணி நேரமாகத் தூக்கிப் பிடித்த கை. வியர்வை, எண்ணெய் அழுக்கு. அவள் விடு என்றதும் அது நழுவியதும் ஒரே நேரத்தில் நடந்தது தற்செயல்.

(ஆ)வை அவள் உடனே அடித்தாள். "ரப்பர் வச்ச கிளவுஸ் போட்டிருந்த. நான்தான் குடுத்தேன். பாட்டில் மூடி திறக்கவே அதத்தான் எடுப்பேன்."

(அ)வைப் படித்தாள். திரும்பப் படித்தாள். நோட்டை மூடி, பெட்டியை இடது கையில் எடுத்துக்கொண்டு, பேருந்துக்குப் போய்விட்டாள். கார் மூக்கைத் தூக்கிக்கொண்டு ஸ்டாண்டின் மேல் நின்றுகொண்டிருந்தது.

7

அக்கா திரும்பி வந்ததும் அம்மா போன் செய்தாள். அக்கா ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, ஒரு கையால் தலைப் பின்னலை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"விரல் எப்படிம்மா இருக்கு?"

"பரவால்லம்மா."

"கதவு சாத்தும்போது பார்த்துச் சாத்த வேணாமா? சின்னப் புள்ளயா நீ?"

"இனிமே பார்த்துச் சாத்துறேன்."

"தம்பி வந்துட்டானா?"

அக்கா என்னைப் பார்த்தாள். நான் அவளுக்கு எதிரில் நாற்காலியில், நோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"குளிக்கிறான்" என்றாள்.

[இங்கே நான் எழுந்து போனை வாங்கி, அம்மா, நான் வேலையை விட்டுட்டேன், அக்கா விரல உடைச்சதும் நான்தான் என்று சொல்கிற ஒரு பத்தி இருந்தது. நன்றாக வந்திருந்தது. அம்மாவின் மௌனத்துக்கு மட்டும் நாலு வரி. நடக்கவில்லை என்பதால் எடுத்துவிட்டேன்.]

போனை வைத்ததும் அக்கா நோட்டைக் கேட்டு வாங்கினாள். ஐந்தாம் பகுதியின் கடைசிப் பக்கத்தைத் திறந்து, நான் எழுதியிருந்த அவளுடைய ஒற்றைச் சொல்லின் முன்னால், இடது கையால், கோணல் மாணலாக ஒரு சின்னக் கோடு போட்டாள்.

"ஒரு வார்த்த குறையுது."

"எங்க?"

"இங்க. நான் சொன்னது ரெண்டு வார்த்த."

நான் அந்தக் கோட்டைப் பார்த்தேன்.

"டெஸ்ட் பண்ணும்போது ஒருத்தர் ஒரு வார்த்தைய விட்டுட்டா, எத்தனை விட்டாருன்னு நான் பார்க்க மாட்டேன். எத விட்டாருன்னுதான் பார்ப்பேன்" என்றாள். குரலில் கோபம் இல்லை. வேலை செய்யும்போது பேசுகிற குரல். "அதுலயே எல்லாம் தெரிஞ்சுடும்."

வாசகரே, உங்களையும் நான் ஏமாற்றிவிட்டேன். ஐந்தாம் பகுதியில் அவள் சொன்னது "விடு" என்பது அல்ல. அவள் சொன்னது:

"சரி, விடு."

இரண்டு மணி நாற்பது நிமிடமாக நாங்கள் கொடுத்துக்கொண்டிருந்த கட்டளைகளில், பிடி, திருப்பு, ஆட்டு, நிறுத்து, எதற்கும் முன்னால் ஒரு சரி வந்ததில்லை. மோட்டாரிடம் யாரும் சரி என்று சொல்ல மாட்டார்கள். சரி, விடு என்றால் தமிழ் பேசுகிற எந்தக் குழந்தைக்கும் பொருள் தெரியும். சண்டை முடிந்தது, நீ சொல்வதையே வைத்துக்கொள்வோம், நான் இதற்கு மேல் பேசவில்லை. எந்த மொழிபெயர்ப்பாளருக்கும் அங்கே குழப்பம் வந்திருக்காது. அதனால்தான் அந்தச் சரியை எடுத்தேன். எடுக்கும்போது, வாக்கியம் இறுக்கமாக வர வேண்டும் என்பதற்காக எடுப்பதாகத்தான் நினைத்தேன். ஒற்றைச் சொல்லில் முடிந்தால் நன்றாக இருக்கும் என்று. என் கலையின் லட்சணம் இவ்வளவுதான்.

8

ஞாயிற்றுக்கிழமை காலை. மோட்டார் தயாராக இருந்தது. நான்தான் கழுவினேன், பல் துலக்கும் பிரஷால், மண்ணெண்ணெயில், தண்டின் ஒவ்வொரு பள்ளத்தையும். அரைமணி வந்து, தரையில் வைத்தே பேட்டரி கொடுத்துப் பார்த்தார். மோட்டார் துள்ளியது, சின்னச் சக்கரம் சடக்கென்று முன்னால் பாய்ந்தது. "அவ்வளவுதான் தம்பி. மாட்டுறது அரை மணி நேர வேலை" என்று சொல்லிவிட்டு, மாட்டாமல் போய்விட்டார்.

"கடைசிப் பக்கம் எங்க?" என்றாள் அக்கா.

"இன்னும் எழுதல."

"சரி. கீழ படு."

"நானா?"

"ஒத்தக் கையால நான் எட்டு கிலோவத் தூக்க முடியுமா?"

படுத்தேன். காருக்கு அடியிலிருந்து பார்த்தால் உலகம் மிகத் தாழ்வாக இருக்கிறது. மோட்டாரை நெஞ்சில் வைத்துக்கொண்டு உள்ளே நகர்ந்தேன். இரண்டு கையாலும் தூக்கி, குறுக்குச் சட்டத்தைத் தாண்டி, மூக்கைக் கூண்டுக்குள் நுழைத்தேன். முதல் தடவை போகவில்லை. இரண்டாவது தடவை போகவில்லை. மூன்றாவது தடவை கண்ணில் துரு விழுந்தது. நாலாவது தடவை டக்கென்று உட்கார்ந்தது. இனி மேலிருந்து அக்கா போல்ட்டைத் துளையில் விட்டு நாலு சுற்றுச் சுற்றினால் போதும், மோட்டார் தானாக நிற்கும். அதுவரை நான்தான் தாங்க வேண்டும்.

மேலே அவளுடைய முகம் தெரியவில்லை. குழாய்க்கும் சுவருக்கும் நடுவே இடது கை மட்டும் தெரிந்தது. விரல்களுக்கு இடையில் போல்ட்.

"துளை தெரியுதா?" என்றேன்.

"கைக்குத் தெரியுது."

"அப்பப் போடு."

"போடுறேன். அந்தச் 'சரி' உனக்குக் கேட்டுச்சா?"

[இந்த இடத்தில் வைத்துப் பார்த்த பதில்கள் நோட்டில் ஒரு பக்கம் முழுக்க இருக்கின்றன. கேட்ட மாதிரி இருந்துச்சு. சத்தமா இருந்துச்சு, சரியா கேட்கல. அக்கா, போல்ட்ட போட்டுட்டுப் பேசலாமே. இவற்றில் கடைசியை நிஜமாகவே சொன்னேன்.  போல்ட் அசையவில்லை.]

எட்டு கிலோ என்பது முதல் நிமிடத்தில் எட்டு கிலோ. மூன்றாவது நிமிடத்தில் அது வேறு ஏதோ. என் தோள்கள் நடுங்க ஆரம்பித்தன. மோட்டாருக்கும் சட்டத்துக்கும் நடுவில் இப்போது என் கை இருந்தது.

"கேட்டுச்சு" என்றேன்.

"முழுசா?"

"முழுசா. நீ என்ன அர்த்தத்துல சொல்றன்னும் தெரிஞ்சுது."



"அப்புறம் ஏன்டா?"

 நோட்டில் இந்தக் கேள்வியே இல்லை. வாயில் வந்ததைச் சொன்னேன்.

"நீ விட்டுக்கொடுத்தது பிடிக்கல."

"என்னது?"

"நீ திட்டியிருக்கலாம். வெளிய போடான்னு சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தா பிடிச்சுக்கிட்டே இருந்திருப்பேன். நீ பாட்டுக்குச் சரின்னு சொல்லிட்ட. எப்பவும் இதே மாதிரி, பாவம்னு நெனச்சு விட்டுக்கொடுத்துடுற. அந்த ஒரு நொடி எனக்கு உன்மேல அவ்வளவு கோவம் வந்துச்சு. விட்டுட்டேன். கை தவறல."

தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். என் கண்ணில் இன்னும் துரு இருந்தது, துடைக்கக் கையில்லை. மேலே இருந்த இடது கை பின்னால் போனது. ஒரு நிமிடம் அங்கே போல்ட்டும் இல்லை, விரல்களும் இல்லை, குழாய் இடுக்கில் கொஞ்சம் வானம் மட்டும். பிறகு கை திரும்ப வந்தது.

"இன்னும் கொஞ்சம் மேல தூக்கு" என்றாள் அக்கா.

9

தூக்கினேன்.

இதற்கு மேல் நான் எழுதுவதாக இல்லை. கார் கிளம்பியதா என்று தயவுசெய்து கேட்காதீர்கள்; ஒரு வாரமாக அரைமணி உட்பட எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள். அக்கா சொன்ன கடைசி வாக்கியத்தைப் பதினாறு தடவை எழுதிப் பார்த்துவிட்டேன். போதும், கேட்டுவிட்டேன், வேலையைப் பார்ப்போம் என்று சொன்னாளா? துளை நேராக வரவில்லை என்று மட்டும் சொன்னாளா? இன்னும் கொஞ்ச நேரம் தாங்கு, அப்போதுதான் உனக்குத் தெரியும் என்று சொன்னாளா? மூன்றுக்கும் தமிழில் அதே நாலு சொல்தான். இந்த முறை நான் எதையும் குறைக்கவில்லை. அவள் சொன்னதை அப்படியே, எண்ணி, வைத்திருக்கிறேன்.

என்ன பொருள் என்று நீங்களே சொல்லுங்கள். கொஞ்சம் சீக்கிரமாகச் சொன்னால் நல்லது. கை வலிக்கிறது.